சாமி எங்கடா என்று கேட்ட அத்தை

குருவாயூர் தரிசனம் முடிந்த கையோடு கொச்சியில் இரண்டு நாள் தங்கலாம் என்று சொன்னது நான்தான். அத்தைக்குச் சோட்டானிக்கரை பகவதி, எனக்கு மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி ஜெப ஆலயம். முதலில் உன்னோடதை முடிச்சிருவோம் என்று அத்தை விட்டுக்கொடுக்க, போய்ப் பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. அன்று சனிக்கிழமை! யூத மதம் பற்றி வருஷக்கணக்கில் படித்தவன், அவர்களுடைய ஓய்வுநாளிலேயே போய் நின்றேன்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை சாபத். சமைப்பது, எழுதுவது, தீ மூட்டுவது என்று 39 வகை வேலைகள் விலக்கு. ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மட்டும் எதையும் மீறலாம், மீறத்தான் வேண்டும். வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும்கூட அன்று ஓய்வு தரச் சொல்கிறது அவர்களுடைய வேதமான தோரா. "மாட்டுக்குமா? நாம வருஷத்துக்கு ஒருநாள் பொங்கல் வெச்சிட்டு விட்டுடுறோம்" என்றார் அத்தை. அன்றைக்குச் சோட்டானிக்கரைக்குப் போய்விட்டு, ஞாயிறு காலை மறுபடி வந்தோம்.

‘பரதேசி’ என்ற பெயரைப் பார்த்து அத்தைக்கு ஒரே சிரிப்பு. நம்மூரில் அது திட்டு, இங்கே வேற்று தேசத்தார் என்று பொருள். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்களைத் துரத்திய பிறகு கொச்சிக்கு வந்து சேர்ந்தவர்களை அப்படி அழைத்தார்கள். 1568இல் இந்த ஆலயத்தைக் கட்டினார்கள், கொச்சி ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே. அவர்களுக்கும் பல நூற்றாண்டு முன்பே இங்கே யூதர்கள் இருந்தார்கள். சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்பவருக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு சுமார் கி.பி. 1000ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வட்டெழுத்தில் இருக்கிறது. ‘இசுப்பு இரப்பான்’ என்று பெயரை நம் வாய்க்கு வளைத்து எழுதியிருப்பார்கள்.

உள்ளே செருப்பில்லாமல்தான் போக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள் காலடியில் சில்லென்றிருந்தன. மேலே கண்ணாடி விளக்குகள், நடுவே பித்தளைக் கம்பி வளைத்த மேடை. அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக, "சாமி எங்கடா?" என்றார்.

மேற்குச் சுவரைக் காட்டினேன். எருசலேம் இருக்கும் திசை அது. மரப் பேழை, முன்னால் திரை, உள்ளே தோரா சுருள்கள். அவ்வளவுதான். உருவம் செய்யாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. அவர்களுடைய ஆதாரமான பிரார்த்தனை நம் தமிழ் பைபிளிலேயே இருக்கிறது: "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." பார் என்றில்லை, கேள். அதைச் சொல்லும்போது வலது கையால் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். தரிசனத்துக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றுவிட்டு வந்த எனக்கு இதுதான் உள்ளே போய்த் தைத்தது.

கடவுளின் பெயரையும் உச்சரிக்க மாட்டார்கள், பேச்சில் ‘ஹஷேம்’, அதாவது ‘அந்தப் பெயர்’ என்பார்கள். "எங்க காலத்துல புருஷன் பேரைச் சொல்லாத மாதிரி" என்றார் அத்தை. நான் மறுக்கவில்லை.

தோராவைத் தோலில் கையால்தான் எழுத வேண்டும். ஓர் எழுத்து பிழையானாலும் திருத்தும்வரை அதைச் சபையில் வாசிக்கக் கூடாது. பழுதாகிப்போனால் எரிக்காமல், தூக்கிப் போடாமல், மனிதரைப் போலப் புதைக்கிறார்கள். அதிலுள்ள கட்டளைகள் 613 என்பது மரபு. ஒற்றைக் காலில் நிற்கிற நேரத்துக்குள் தோரா முழுவதையும் சொல்லித் தர முடியுமா என்று ஒருவன் வந்து கேட்க, ஹில்லேல் என்ற ஞானி, உனக்கு வெறுப்பானதை அடுத்தவனுக்குச் செய்யாதே, மீதியெல்லாம் விளக்கம், போய்ப் படி என்றாராம். எல்லோரும் முதல் பாதியைத்தான் சொல்வார்கள், எனக்கு அந்தப் ‘போய்ப் படி’தான் பிடிக்கும்.

யோம் கிப்பூர் பற்றியும் சொன்னேன். நாள் முழுக்கப் பட்டினி இருந்து பாவமன்னிப்புக் கேட்கும் நாள். ஆனால் சக மனிதனுக்குச் செய்த தப்பு அன்றைக்கும் தீராது, அவனிடமே போய்ச் சமாதானம் ஆகியிருக்க வேண்டும். அத்தை பதில் சொல்லவில்லை. சித்தப்பாவோடு பேச்சு நின்று பதினோரு வருஷமாகிறது, அது எனக்கும் தெரியும்.

சபைத் தொழுகைக்கு, பழைய மரபுப்படி, பதின்மூன்று வயது தாண்டிய ஆண்கள் பத்துப் பேராவது கூட வேண்டும், மின்யான் என்பார்கள். குறைந்தால் சில பிரார்த்தனைகளைச் சொல்லவே முடியாது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு, வெளியூர் யூதர்கள் வந்து சேர்ந்தால்தான் கணக்கு நிறையும்.

கிளம்பும்போது அத்தை திரைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார். கும்பிடத் தூக்கிய கைகளை என்ன நினைத்தாரோ இறக்கிவிட்டு, வலது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். பின்னால் ஒரு சுற்றுலாக் கும்பல் வந்து நெருக்கியும் நகரவில்லை.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "பத்துக்கு இன்னும் எத்தனை பேருடா குறையுது இவங்களுக்கு?"