ஊசியா, ஆபரேஷனா

சில நாள், அதை அப்படிப் பட்டென்று சொல்லியிருக்க வேண்டாமோ என்று படும். சொல்லாமல் எப்படி இருப்பது என்று மறுநாளே படும். யூராலஜி வார்டில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அணைக்கட்டுப் பக்கமிருந்து வந்த அந்தப் பெரியவர் மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவியிருந்தது. விரைகளை எடுத்துவிடலாம், இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, ஆயுசுக்கும் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், நைனாவுக்கு ஊசியே போட்டுடலாம். கடன் வாங்கியாவது பாத்துக்கிறேன். ஆபரேஷன் பேச்சை எடுக்காதீங்க" என்றார்.

பேச்சை எடுத்தது பெரியவர்தான். எருது விடும் விழாவுக்கு மாடு பழக்கியவர். காயடித்த மாடு எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று அவருக்கு நான் பாடம் நடத்த முடியுமா?

"ஊசி போட்டுக்கினா நான் காளையாவே இருப்பனாம்மா?"

"இல்லைங்க ஐயா. உறுப்பு இருக்கும், சுரப்பு நின்னுடும். ரெண்டுலயும் பலன் ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்குக் கடன்?" என்றார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "முதுகு வலி கொறையுமா?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனில் பெரும்பகுதி விரையில்தான் சுரக்கிறது. அதை நிறுத்தினால் இந்த நோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற டாக்டர் 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆபரேஷன் செய்தால் சில மணி நேரத்திலேயே அளவு இறங்கிவிடும். ஊசியில் முதலில் சுரப்பு கொஞ்ச நாள் ஏறி, அப்புறம்தான் இறங்கும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அந்த ஏற்றம் ஆபத்து. இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு ஆபரேஷன்தான் சரி என்று எனக்குத் தெம்பு வரும்.

உடனே இன்னொன்றும் நினைவுக்கு வரும். அந்த ஏற்றத்தைத் தடுக்க முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். ஊசியை நிறுத்தினால் சுரப்பு திரும்பவும் கூடும். ஆயுசுக்கும் போட வேண்டிய ஊசியில் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம்? ஆனாலும், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்கிற நினைப்பே ஒரு மனிதனுக்குப் போதுமாக இருந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது நேர்மையா, சௌகரியமா?

சில நாளிலேயே வலி குறைந்தது. மறுபரிசோதனைக்கு வந்தபோது, ராத்திரியில் உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வேர்த்துக் கொட்டுகிறது என்றார் பெரியவர். ஹார்மோன் இறங்கினால் அப்படி வரும். எலும்பும் தேயும் என்பதால், கால்சியம் மாத்திரையை விடாதீர்கள் என்றேன். என்னிடம் சிரித்துத்தான் பேசினார். மகன்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. வார்டில் மற்ற எல்லோரிடமும் பேசினார்.

அவர் கோபம் நியாயம்தான். தகப்பனுக்காகக் கடன்படத் தயாராக இருந்த பிள்ளை, அந்த வாய்ப்பை நான் பறித்துவிட்டேன். ஆனால் கடனை அடைக்கப்போவது நிலத்தை விற்றுத்தானே, அந்த நிலம் பெரியவருடையதுதானே?

இப்போதெல்லாம் செலவுக் கணக்கைக் கடைசியில்தான் சொல்வது என்று வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பதே அதைத்தான்.