கோரிமேட்டில் ஒரு ரைசினா குன்று

எங்கள் பெரியப்பாவுக்குச் சுற்றுலா வழிகாட்டிகள் என்றாலே ஆகாது. அவர்களுக்கும் அவரைக் கண்டால் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "இந்த மதிலின் உயரம் 12 அடி" என்று வழிகாட்டி சொல்லி முடிப்பதற்குள் இவர் பையிலிருந்து அளவுநாடாவை உருவிவிடுவார். "பதினொன்றே முக்கால்" என்று அறிவித்துவிட்டு, அந்த மனிதர் அதற்குப் பிறகு சொல்லும் வரலாறு எதையும் நம்பமாட்டார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அளவுநாடாவுக்கு இல்லை.

ஆகவே ஜனவரியில் குடும்பத்தோடு டெல்லி போவது என்று முடிவானபோது, வழிகாட்டியும் வேண்டாம், வாடகைக் காரும் வேண்டாம், எல்லாவற்றையும் நாமே நடந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சேலம் ஜங்ஷனிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வழித்தடத்தையும் அவரே வகுத்தார். இந்தியா கேட்டில் தொடங்கி, முன்பு ராஜ்பத் என்று இருந்து 2022இல் பெயர் மாறிய கர்தவ்ய பாதையில் நேராக நடந்து, குன்றின் அடியில் இருக்கும் விஜய் சவுக் சதுக்கத்தைக் கடந்து, ரைசினா குன்றேறி ராஷ்டிரபதி பவனின் வாசலைப் பார்ப்பது. மாலையில் ஜந்தர் மந்தர், அக்ரசேன் படிக்கிணறு, கன்னாட் பிளேஸ்.

இதற்கு அவர் போட்ட வரைபடம் இருக்கிறதே, அதைச் சட்டம் போட்டு மாட்டலாம். சர்வே அலுவலகத்தின் எஃப்.எம்.பி., அதாவது நில அளவைப் புத்தக வரைபடம் போலவே, எல்லைக்கற்களோடும் உட்பிரிவுகளோடும் வரைந்திருந்தார். இந்தியா கேட்டுக்குப் புல எண் 1. ராஷ்டிரபதி பவனுக்குப் புல எண் 14. ஓரத்தில் வடக்குக் குறி, அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து, தேதி. பட்டா எண் மட்டும்தான் பாக்கி.

"எல்லாம் சரி, யார் நடப்பது?" என்று கேட்டார் பெரியம்மா. அடுத்த தெருப் பிள்ளையார் கோயிலுக்கே ஆட்டோ வைத்துக்கொள்பவர் அவர். அத்தைக்கோ முழங்கால் வலி. பேரன் ஒன்பதாம் வகுப்பு. அவனுடைய கால்களில் குறையில்லை, கண்கள்தான் செல்போனை விட்டு வருவதில்லை. இந்தப் படையை வைத்துக்கொண்டு டெல்லியில் தடுமாறுவதைவிட இங்கேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம் என்று பெரியப்பா தீர்மானித்தார். இந்தியா கேட்டிலிருந்து ராஷ்டிரபதி பவன் வரை சுமார் 3 கிலோமீட்டர். அதே அளவில் நேராகப் போய் மெல்ல மேடேறும் சாலை சேலத்தில் எது என்று யோசித்தார். ரவுண்டானாவில் தொடங்கி மேட்டில் முடியும் ஏற்காடு ரோடு அவருக்காகவே போட்டு வைத்ததுபோல் இருந்தது. அஸ்தம்பட்டி ரவுண்டானாதான் இந்தியா கேட், கோரிமேடுதான் ரைசினா குன்று.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் ரவுண்டானாவின் ஓரத்தில் கூடி நின்றோம். அங்கே இல்லாத இந்தியா கேட்டைப் பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். உயரம் 42 மீட்டர், அடிக்கல் 1921இல், திறப்பு 1931இல், கற்களில் 13,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன என்று விளக்கினார். பால் வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, அவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, மின்கம்பத்தில் ஏதாவது பழுதா என்று விசாரித்துப் போனார்.

இந்தியா கேட்டைச் சுற்றிய அறுகோணச் சாலையில் ஹைதராபாத் ஹவுஸ் இருக்கிறது. புது டெல்லியை வடிவமைத்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ், நிஜாமுக்காகக் கட்டிய மாளிகை. வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் நம் பிரதமர் அங்கேதான் அவர்களைச் சந்திப்பார், விருந்தும் வைப்பார். அதற்கு இணையாகப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அஸ்தம்பட்டியில் பெரிய மதிலோடு இருப்பது மத்திய சிறைச்சாலை.

"விருந்தாளிகளை இங்கேயா உட்கார வைப்பார்கள்?" என்றார் பெரியம்மா.

"அளவுக்கு வைத்துக்கொண்டதுதான்" என்று பெரியப்பா நடையை எட்டிப்போட்டார்.

அவருடைய ஓர் அடி முக்கால் மீட்டர். சர்வே வேலையில் பழகிய அடி, மேட்டிலும் பள்ளத்திலும் மாறாது. ஆக 4,000 அடியில் குடியரசுத் தலைவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். எண்ணிக்கொண்டே நடந்தார். இடையில் யாரும் பேசக்கூடாது என்பது உத்தரவு. அத்தை வாயைத் திறக்காமல் ஏற்காடு ரோட்டில் நடப்பதா? இந்த வீட்டுப் பெண்ணை நாமக்கல்லில் கொடுத்தார்கள், அந்த வீட்டுக்காரர் மாடி எடுத்ததிலிருந்து தம்பியோடு பேச்சு இல்லை, எதிர்வீட்டு மாமரம் குண்டு மாம்பழம், காய்த்தால் ஒன்றுகூட வெளியே வராது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியப்பா 612இல் தடுமாறி மறுபடியும் 600இலிருந்து பிடித்தார். பிறகு அவராலும் முடியவில்லை. மாடி எடுத்த வீட்டின் முன் நின்று, அண்ணன் தம்பி தகராறுக்கு உண்மையான காரணம் மாடி அல்ல, பின்பக்கத்து நடைபாதை உட்பிரிவில் விட்டுப்போனதுதான் என்று அத்தையைத் திருத்தினார். வழிகாட்டியே வேண்டாம் என்று கிளம்பிய கூட்டத்தில் ஆளுக்கு ஆள் வழிகாட்டி ஆகிவிட்டார்கள். பேரன்கூட செல்போன் வரைபடத்தைப் பார்த்து, "இடது பக்கம் திரும்பு என்கிறது, தாத்தா" என்றான். இடது பக்கம் சாக்கடை.

வழியில் டீக்கடை ஒன்றில் உட்கார்ந்தோம். இந்த இடம் தேசிய அருங்காட்சியகம் என்று வரைபடம் சொன்னது. அங்கேதான் பெரியப்பா ராஜாஜி கதையை எடுத்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917இல் சேலம் நகராட்சித் தலைவராகவும் ஆன மனிதர், 1948இல் கவர்னர் ஜெனரலாக அதே ரைசினா குன்று மாளிகைக்குக் குடிபோனார். மொத்தம் 340 அறைகள். வைஸ்ராய்கள் புழங்கிய பெரிய பகுதி தனக்கு வேண்டாம் என்று சொல்லி, சிறிய அறைகள் சிலவற்றில் இருந்துகொண்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். வைஸ்ராயின் பகுதி விருந்தினருக்கு என்று ஆகிவிட்டது.

"340 அறையை யார் பெருக்கித் துடைப்பது? விவரமானவர்" என்றார் பெரியம்மா.

"அப்படியானால் சேலம் என்று சொன்னால் உள்ளே விட்டுவிடுவார்களா, அண்ணா?" என்று அத்தை கேட்டார். முன்பதிவு செய்ய வேண்டும் என்று பேரன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நம் ஊர்க்காரர் இருந்த வீட்டுக்கு முன்பதிவு எதற்கு?

நாடாளுமன்றத்துக்கு ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. 144 தூண்களோடு வட்டமாக 1927இல் திறந்த பழைய கட்டடமும், முக்கோணமாக 2023இல் திறந்த புதியதும் அடுத்தடுத்து இருப்பதாகப் பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தபோதே உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்டது. அத்தைக்கு முகூர்த்தம் யாருடையது என்று பார்த்துவிட்டு வர ஆசை. தடுத்து இழுத்துக்கொண்டு வந்தோம்.

மேடு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் பெரியப்பாவின் நடை மெதுவாகிவிட்டது. இந்த முழு ஒத்திகையும் இந்த ஒரு இடத்துக்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ராஷ்டிரபதி பவனைக் கட்டியவர் லுட்யன்ஸ். அதன் முன்னால் இருபுறமும் நிற்கும் செயலகக் கட்டடங்களைக் கட்டியவர் ஹெர்பர்ட் பேக்கர். நண்பர்கள்தான். குன்றின் மேல் ஏறும் சாலைக்கு இவ்வளவு சரிவு போதும் என்று இருவரும் காகிதத்தில் ஒத்துக்கொண்டார்கள். சாலை உருவானபோதுதான் விவகாரம் வெளியே வந்தது. தொலைவில் இந்தியா கேட்டிலிருந்து பார்த்தால் மாளிகை தெரிகிறது. பக்கத்தில் விஜய் சவுக்குக்கு வந்தால் சாலை மேடு மறைத்து, மாளிகை இறங்கிப் போய், குவிமாடம் மட்டும் எட்டிப் பார்க்கிறது. மேலே ஏறினால் மறுபடியும் முழுதாக வருகிறது. லுட்யன்ஸ் சாலையை மாற்றச் சொல்லி மோதிப் பார்த்தார், நடக்கவில்லை. நண்பர்கள் இருவருக்கும் ஆண்டுக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

"லெவல் எடுக்காமல் கையெழுத்துப் போட்டால் இதுதான் கதி" என்றார் பெரியப்பா. கட்டியவர் லுட்யன்ஸாக இருந்தால் என்ன, விண்ணப்பத்தோடு வந்த விவசாயியாக இருந்தால் என்ன, அவருக்கு ஒன்றுதான்.

இதை எங்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மேட்டுக்கு அப்பால் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதுதான் மாளிகை. என்னைச் சாலையோரத்தில் அளவுநாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். பேரனை 30 மீட்டர் தள்ளி நிறுத்தினார். அவர் வரைபடத்தை விரித்துக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்தும் நிமிர்ந்தும் ஒற்றைக் கண்ணால் பார்த்து, "இன்னும் உள்ளே வா... தொட்டி மறைகிறது... இன்னும் உள்ளே..." என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாலையோரத்தில் விரித்த வரைபடமும், நீட்டிய அளவுநாடாவும், "இன்னும் உள்ளே" என்ற சொல்லும் தமிழ்நாட்டில் என்ன விளைவை ஏற்படுத்தும் என்று ஒரு சர்வேயருக்குத் தெரியாமலா இருக்கும்? லுட்யன்ஸின் நினைப்பில் மறந்துவிட்டார். முதலில் பல் துலக்கிக்கொண்டே ஒருவர் வெளியே வந்தார். வாயில் நுரையோடு, "சார், எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது?" என்று கேட்டார்.

"மொத்தமும் போய்விடும். மேல்பகுதி மட்டும் கொஞ்சம் தெரியும்" என்றார் பெரியப்பா, குவிமாடத்தை நினைத்துக்கொண்டு.

அந்த மனிதர் துலக்குவதை நிறுத்திவிட்டார். உள்ளே ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்தார். பக்கத்து வீட்டில் கேட் திறந்தது. எதிர்ப் பக்கத்து மளிகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தி எங்களைவிட வேகமாக மேடேறியது. பெரியப்பா நிலைமையைப் புரிந்துகொண்டு, "ஐயா, இது உங்கள் இடமே இல்லை. டெல்லி சம்பந்தப்பட்டது" என்று சமாதானம் சொன்னார். அவ்வளவுதான். "டெல்லியிலிருந்தே ஆள் வந்திருக்கிறது" என்று பின்னால் யாரோ சொல்வது தெளிவாகக் கேட்டது.

பெரியம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அத்தைக்கும் வந்தது. ஐந்து டம்ளர்களில் காபி வந்தது, நல்ல காபி, ஏற்காட்டுக் கொட்டையாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம் என்று நான் எடுத்துச் சொன்னேன். எந்த அதிகாரி ஒத்திகை பார்ப்பார் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மளிகைக்கடைக்காரர் வரைபடத்தை உற்றுப் பார்த்து, புல எண் 14 தன்னுடையதுதான் என்று உறுதியாகச் சொன்னார். அது ராஷ்டிரபதி பவன் என்று பேரன் விளக்கியதும் அவர் முகத்தில் கவலை இன்னும் கூடிவிட்டது.

கூட்டத்தில் மீசை வைத்த பெரியவர் ஒருவர் மட்டும் வரைபடத்தை நேராகப் பிடித்து, இந்தியா கேட், விஜய் சவுக் என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ராணுவத்தில் இருந்தவராம், டெல்லியிலேயே பல காலம். எங்களுக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

"எப்போது போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஜனவரி 20க்கு மேல்" என்றார் பெரியப்பா பெருமையாக.

"அந்தச் சமயத்தில் கர்தவ்ய பாதையில் உங்களை எங்கே நடக்க விடுவார்கள்? குடியரசு தின அணிவகுப்புக்கு ஒத்திகை நடக்கும். 23ஆம் தேதி முழு உடை ஒத்திகை. பாதி வழிகளை அடைத்துவிடுவார்கள்."

"நான்தான் இங்கேயே ஒத்திகையை முடித்துவிட்டேனே!"

"அவர்கள் முடிக்க வேண்டாமா?"

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியம்மாவின் முகத்தில் அன்று முதல்முறையாகக் களை வந்தது. நடை இல்லை என்றால் சாந்தினி சவுக்கில் சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்குமா என்று ராணுவக்காரரிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். தாராளமாகக் கிடைக்கும் என்றார் அவர். பேரன் அங்கேயே டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்று செல்போனில் பார்த்தான். பிப்ரவரிக்குத் தள்ளலாம் என்றேன். யாரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

நாங்கள் கிளம்ப எழுந்தபோது, பல் துலக்கியவர் மனைவி கையில் ஒரு முழுநீளத் தாளோடு ஓடிவந்தார். வீட்டு முன்னால் சாக்கடை மூடியில்லாமல் கிடப்பது பற்றிய மனு. உள்ளூரில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதாம். "எப்படியும் டெல்லிக்குத்தானே போகிறீர்கள், சார்" என்று பெரியப்பாவின் கையில் திணித்தார். இடது பக்கம் பேரனின் செல்போன் காட்டிய அதே சாக்கடை.

வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, "புல எண்ணுக்கு உட்பிரிவு போடவில்லையே, அம்மா. இப்படிக் கொடுத்தால் எந்த ஊரில் எடுப்பார்கள்?" என்று திருத்தி, இன்னொரு பிரதி எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, காபி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.