பொடி வைத்து ஊதிய கதை

"குழந்தைக்கு வாய்ப்புண்ணுங்களா?" என்று கேட்டார் நாட்டு மருந்துக் கடைக்காரர். நான் 100 கிராம் வெண்காரம் கேட்டிருந்தேன்.

"இல்லைங்க, விமானத்துக்குக் கால் வைக்க."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் பொட்டலம் கட்டினார். பக்கத்தில் சுக்கு வாங்கிக்கொண்டிருந்த அம்மா மட்டும் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

விமானம் என்றால் ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம். 46 வயதில் எனக்குப் பிடித்த கிறுக்கு. இறக்கை 5 அடி, உடம்பெல்லாம் பால்சா கட்டை, எடை இரண்டரை கிலோ. கட்டையை அறுப்பது, ஒட்டுவது, மேலே ஃபிலிமை இஸ்திரி போட்டு இழுப்பது எல்லாம் ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது. கால்தான் பாக்கி. கால் என்பது 4 மில்லி பியானோ கம்பி. கார்பன் அதிகமுள்ள எஃகை அச்சு வழியாக இழுத்து இழுத்தே முறுக்கேற்றிய கம்பி அது. விமானம் தரையில் தொம்மென்று இறங்கும்போது வளைந்து, உடனே பழைய நிலைக்குத் திரும்பும். ஒவ்வொரு காலுக்கும் பின்னால் முட்டுக்கொடுக்க 3 மில்லி கம்பி ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி போட்டு 'சில்வர் சால்டர்' என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தது. அந்த இரண்டு வார்த்தை என்னை மூன்று வாரம் ஆட்டி வைத்தது.

முதலில் வீட்டிலிருந்த 25 வாட் சால்டரிங் அயர்ன். ரேடியோவுக்கு அது போதும், 4 மில்லி எஃகுக்கு முன்னால் அது வெறும் ஊதுவத்தி. ஈயம் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு விழுந்தது. அடுத்து, தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவர் பையிலிருந்து தட்டையாக ஒரு குச்சியை உருவிக் கொடுத்தார். "சில்வர் ராடு சார். கம்ப்ரசரே நிக்குது, உங்க பொம்மை நிக்காதா?" நின்றது, மேஜையிலிருந்து ஒருமுறை கீழே விழும் வரைக்கும். பிறகுதான் தெரிந்தது, அந்தக் குச்சியில் பாஸ்பரஸ் இருக்கிறது. செம்போடு செம்பைச் சேர்க்க அது தங்கமான சரக்கு, பற்றவைக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கப் போடும் வெண்காரம்கூட வேண்டாம். இரும்பில் வைத்தால் நடுவே நொறுங்கும் படலம் ஒன்று உண்டாகிவிடும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பொம்மை என்று சொன்னேனே தவிர, இரும்பு என்று சொல்லவில்லை.

இதற்கு நடுவில் வீட்டம்மா ஒரு கொலுசை நீட்டினாள். கொக்கி விட்டுப்போயிருந்தது. "ஏனுங்க, பத்த வைக்கறீங்கல்ல, இதையும் அப்படியே வச்சுருங்க." எனக்கும் வெள்ளியில் கை பழகினால் நல்லதுதானே என்று பட்டது. கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் கொக்கியின் மேல் காட்டினேன். வெண்காரம் பொரி மாதிரி உப்பியது, அப்புறம் அடங்கிக் கண்ணாடியாக ஓடியது. ஆகா என்று ரசித்துக்கொண்டிருந்தபோதே கொக்கியும், பக்கத்து நாலு வளையமும், ஒரு முத்தும் சேர்ந்து ஒரே உருண்டையாகி மேஜையில் ஓடிப்போய் நின்றன. மொத்தம் மூன்று விநாடி இருக்கும். அன்று ராத்திரி நான் சீக்கிரம் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் கோயம்புத்தூர் வைசியாள் வீதியை ஒட்டிய சந்தில், மாடிப்படி ஏறி, ஒரு பத்தரைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டியவர். கம்பியைக் கையில் வாங்கியதும் முகம் மாறிவிட்டது.

"தம்பி, இது இரும்பு. வெல்டிங் பட்டறை உக்கடத்துல இருக்குதுங்."

நான் விமானத்தின் போட்டோவைக் காட்டினேன். வேலை பழகும் பையன் எட்டிப் பார்த்து, "பறக்குமாண்ணா?" என்றான். பத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு பாயைத் தட்டி, "உக்காருங்" என்றார்.

பையிலிருந்து வெள்ளி உருண்டையை எடுத்து வைத்தேன். அது என்ன என்று அவர் கேட்கவே இல்லை. "வீட்டம்மாதுங்களா?" என்று மட்டும் கேட்டார். நாற்பது வருடத்தில் எத்தனை புருஷன்மார் இப்படி வந்து உட்கார்ந்தார்களோ.

பொடி வைத்துப் பேசுகிறான் என்று சொல்கிறோம் இல்லையா, நகையை ஒட்டவைக்க உருக்கும் பற்றாசுக்குப் பத்தர்களிடம் பேரே பொடிதான். என் உருண்டையில் பாதியைக் கிள்ளி, கொஞ்சம் பித்தளை கூட்டி, உருக்கி, தகடாக அடித்து, கத்தரியால் எள்ளு எள்ளாக நறுக்கினார். பித்தளை சேர்ந்தால் வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகும். சுத்த வெள்ளிக்கு 961 டிகிரி வேண்டும், இதற்கு அவ்வளவு வேண்டாம். அந்த வித்தியாசத்தில்தான் தொழிலே நடக்கிறது. நகை உருகாது, பொடி மட்டும் உருகும். கொக்கியை நான் பொடியே இல்லாமல் காய்ச்சினேன் என்றதும் பையன் சிரித்தே விட்டான்.

"முன்னெல்லாம் கேடியெம்னு ஒண்ணு வந்துதுங். காட்மியம் போட்ட பொடி. சீக்கிரமா ஓடும், ஆனா அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. நான் தொடறதில்லீங்" என்றவர், கறுப்புக் கல்லில் தண்ணீர் விட்டு வெண்காரக் கட்டியைச் சந்தனம்போல உரைக்கத் தொடங்கினார். நான் பொடியாக வாங்கி வந்த 100 கிராமை ஓரமாகத் தள்ளி வைத்தார். பேரனுக்கு ஆகுமாம்.

அவரிடம் கேஸ் டார்ச் இருந்தது. ஆனால் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு ஊதுகுழல்தான் என்றுவிட்டார். உமி ஓட்டில் கரி, எதிரே விளக்கு, வாயில் குழல். கன்னத்தில் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு, அது வெளியே போகும்போதே மூக்கால் உள்ளே இழுக்க வேண்டும். நாயனக்காரர் செய்கிற அதே வேலை. நான் மூக்கால் இழுத்தபோது வாயும் இழுத்தது. இருமல் நிற்க ஐந்து நிமிடம் ஆயிற்று. இரண்டாம் முறை ஊதியதில் விளக்கு அணைந்தது. மூன்றாம் முறை சுடர் ஒழுங்காகத்தான் போனது, எனக்குத்தான் கண்ணில் பூச்சி பறந்தது. பையன் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். அதற்குப் பிறகு பத்தரே மனமிரங்கி டார்ச்சைக் கையில் கொடுத்தார்.

கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்துக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டீர்களா என்றார். ஆமாம் என்றேன். மறுபடி தேய்க்கச் சொன்னார். விரலில் இருக்கிற எண்ணெயே போதுமாம், பொடி முறைத்துக்கொண்டு நின்றுவிடும். பிறகு வெண்காரக் கூழைத் தடவி, பொடியைச் சாமணத்தால் வரிசையாக வைத்தார்.

"பொடிக்கு நெருப்பு காட்டாதீங் தம்பி. கம்பிக்குக் காட்டுங். கம்பி சிவந்தா பொடி தானா வரும். எங்க சூடு இருக்குதோ அங்கதான் அது ஓடும்."

அப்படியே நடந்தது. கம்பி செக்கச்செவேலென்று பழுத்தது. எள்ளு எள்ளாக இருந்த பொடி திடீரென்று பளிச்சென ஒரு வெள்ளிக் கோடாகி, செம்புச் சுற்றுகளின் இடுக்கெல்லாம் உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டது. இதுவரை எந்தப் படத்தின் இடைவேளைக்கும் நான் அப்படிக் கைதட்டியதில்லை. பத்தர் பழக்க தோஷத்தில் அந்தக் காலைக் குறட்டால் எடுத்துத் தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது. இரண்டாவது காலை நானே வைத்தேன். அதுவும் ஓடியது. வைத்த அழகைப் பார்த்துக்கொண்டே நின்றதில் தண்ணீரில் போட மறந்து, அது தானாகவே ஆறிவிட்டது. அப்போது இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

கொலுசுக்குக் கொக்கி வைக்க அவருக்கு அரை நிமிடம் ஆனது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தரிசில் காலை ஆறு மணிக்கே கூடிவிட்டோம். விமானம் ஏறியது, ஆறு நிமிடம் பறந்தது, திரும்பி வந்தது. இறங்கும்போது பக்கக்காற்று ஒரு தட்டு தட்டியதில் வலது கால் முதலில் தரையைத் தொட்டது.

டிங்.

கண்ணாடி வளையல் உடைகிற சத்தம். வலது கால் பறந்துபோய் வேலிக்கருவைக்குள் விழுந்தது. எடை முழுக்க இடது காலுக்கு வந்தது. அது உடையவில்லை. கோயில் யானை உட்காருகிற மாதிரி, அவசரமே இல்லாமல் மெதுவாக அகன்று அகன்று படுத்துவிட்டது. வயிற்றில் சறுக்கிய விமானம் புரொப்பல்லரை முறித்துக்கொண்டு, மூக்கைப் பிளந்துகொண்டு நின்றது.

எங்கள் கூட்டத்தில் ஸ்பிரிங் பட்டறையில் முப்பது வருடம் இருந்த பெரியவர் ஒருவர் உண்டு. இரண்டு காலையும் வாங்கி முகர்ந்தே பார்த்துவிட்டார்.

"சிவக்கக் காய்ச்சினீங்களா?"

"ஆமாங்க."

"இதைத் தண்ணியில போட்டீங்க, அதைப் போடலை. சரிங்களா?"

ஜோசியர் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சிவக்கக் காய்ச்சினாலே கம்பியின் முறுக்கு போச்சாம். பழுத்த எஃகு தண்ணீரில் விழுந்தால் முறுக்குத் தின்பண்டம் மாதிரி நொறுங்கும், தானாக ஆறினால் இடியாப்பம் மாதிரி வளையும். நான் ஒரே விமானத்தில் இரண்டையும் மாட்டியிருந்தேன். "ஸ்பிரிங் கம்பிய அடுப்புல வைப்பாங்களா யாராச்சும்?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

அந்த வரைபடம் சொன்ன சில்வர் சால்டரே வேறு. 96 பங்கு வெள்ளீயம், 4 பங்கு வெள்ளி. 221 டிகிரியில் உருகிவிடும், கம்பியின் முறுக்குக்கு ஒன்றும் ஆகாது. பிரியாணி என்று எழுதி வைத்துவிட்டுக் குஸ்கா போடுகிற கணக்கு இது. பெரியவரே ஒரு சுருள் கொடுத்தார். 100 வாட் அயர்னும், வெண்காரத்துக்குப் பதிலாக ஆசிட் ஃப்ளக்ஸும் வைத்துப் புதுக் கம்பியில் அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. முடிந்ததும் ஆப்ப சோடாத் தண்ணீரில் கழுவச் சொல்லியிருந்தார். மறந்தேன். காலையில் பார்த்தால் இரண்டு காலும் துருவால் மஞ்சள் பூசிக் குளித்திருந்தன. மறுபடி உப்புத்தாள்.

உடைந்த காலை எடுத்துக்கொண்டு பத்தரிடம் போனேன். சமாச்சாரம் சொல்ல வேண்டுமே. அவர் நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, பற்றவைத்த இடத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கம்பி அதற்கு அரை விரல்கடை மேலே முறிந்திருந்தது.

"பொடி விடலையே தம்பி" என்றார், நிம்மதியாக.

வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன். அந்தப் பொடியில் இருப்பது அவள் கொலுசு என்ற விவரத்தையும் சேர்த்து. திட்டு விழும் என்று நினைத்தேன். கையில் வாங்கி, வெள்ளிக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப உடைஞ்சது உங்க கம்பி. நின்னது என்ற வெள்ளி."

பீரோவைத் திறந்து நகைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, இன்னும் சாவி தரவில்லை.