அவர் பணம், என் கணக்கு

"நமக்குப் பாதிச் சம்பளமாவது வருதேண்ணே, எத்தனை பேருக்கு அதுவும் இல்ல." 2020 மே மாதத் தொடக்கத்தில், கொரோனா ஊரடங்கின்போது, இதை ஒருவரிடம் போனில் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன், பொய்யும் இல்லை. ஆனாலும் உறுத்துகிறது.

அவர் மூத்த மெஷின் ஆபரேட்டர். வயதில் பெரியவர் என்பதால் நான் அண்ணே என்பேன், எச்.ஆர். என்பதால் அவர் என்னை சார் என்பார். பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) வேலை என்னுடையது. மார்ச் 28 அன்று, அந்தப் பணத்தை இடையில் எடுக்க அரசு விதியைத் திருத்தியதிலிருந்து போன் ஓயவில்லை. மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், எது குறைவோ அதை அப்போது எடுத்துக்கொள்ள முடிந்தது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆன்லைனில் 'பெருந்தொற்று' என்று காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் போதுமாக இருந்தது, எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

அவருடைய பி.எஃப். கணக்கில் பழைய வங்கி எண் இருந்தது. புது எண்ணை அவரே ஏற்றிவிட்டார், நிறுவனத்தின் ஒப்புதல்தான் பாக்கி. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என் லேப்டாப்பில் செருகியே இருந்தது. பாஸ்வேர்டு போட்டு ஒரு கிளிக், அவ்வளவுதான். அதற்கு முன்னால் பேசினேன்.

"மூணு மாச பேசிக்குன்னா அறுபதாயிரம். இப்ப வட்டி எட்டரை. உங்களுக்கு 43 ஆகுது. இதே வட்டி நின்னா, 58ல இது ரெண்டு லட்சத்தைத் தாண்டும்ணே. கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்." அதன் பின்னால்தான் அந்தப் பாதிச் சம்பளப் பேச்சு.

கொஞ்ச நேரம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "அங்க கெடந்தா உங்களுக்கு நிம்மதி சார். கையில இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

கோபமாகச் சொல்லவில்லை. போனை வைப்பதற்குள் ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

நான் சொன்ன கணக்கில் பிழையில்லை. வீட்டுக்கு, கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு என்று எடுத்து எடுத்து, ஓய்வுபெறும் நாளில் பாஸ்புக்கைப் பார்த்து நின்றவர்களுக்கும் நான்தான் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்தவன் சொல்லாமல் இருப்பது எப்படி? யாராவது ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

ஆனால் காரணம் கேட்க வேண்டாம் என்று அரசே விட்டுவிட்ட இடத்தில் நான் கேட்டேன். அதுவும் நேராகக் கேட்கவில்லை. வட்டிக் கணக்காகவும் நன்றியாகவும் கேட்டேன். அவர் வெளியே மூணு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால், மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய். அதற்கு முன்னால் பி.எஃபின் எட்டரை எந்த மூலைக்கு? அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது, அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

என் சம்பளத்திலும் பாதிதான் வந்தது. ரிசர்வ் வங்கி கடன் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தபோது, அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும் என்று தெரிந்து நான் தள்ளிப்போடவில்லை. பதற்றப்படாமல் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மனைவியின் சம்பளம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. அது நின்றிருந்தால் அதே நிதானத்தோடு யாருக்காவது கணக்குச் சொல்லியிருப்பேனா?

நன்றியோடு இருப்பது தவறென்று நான் நினைக்கவில்லை. அந்த மாதங்களில் இரவு படுக்கும்போது, உள்ளதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது அது தெம்பாக இருந்தது. அதே வாக்கியம் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதுதான் பிடிபடவில்லை.

பணம் சில நாளில் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "ரொம்ப நன்றி சார், பெரிய உதவி பண்ணீங்க." பின்னால் குக்கர் விசில் சத்தம், ஒரு பிள்ளை எதற்கோ கூப்பிடுகிறது. அவர் உழைத்துச் சேர்த்த பணத்துக்கு அவர் எனக்கு நன்றி சொன்னார். என்ன பதில் போடுவது என்று தெரியாமல் ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினேன்.

2021 மே கடைசியில், இரண்டாவது முறையும் எடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அந்தத் தடவை யாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன். கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்காதவர்களில் ஒன்றிரண்டு பேர், பொறுத்திருந்தால் சமாளித்திருக்கக்கூடியவர்கள் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.