டர்பனிலிருந்து கேம் விற்க எந்தக் கடை?

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சொந்தமாக கேம் செய்யும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "கமிஷன் எங்கே குறைவு?" அதற்கு முன், பணம் எந்த வழியாகக் கைக்கு வரும் என்று பாருங்கள்.

கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இங்குள்ள ஒருவர் உங்கள் கேமை 115 ராண்டுக்கு வாங்கினால் வாட் வரி 15 ராண்ட் போய்விடும். மீதி 100-இல் ஸ்டீமுக்கு 30, உங்களுக்கு 70. அமெரிக்க விற்பனையில் இன்னொரு வெட்டு காத்திருக்கிறது: உங்கள் பங்கிலிருந்து 30 சதவீதம் வரிப் பிடித்தம். தென்னாப்பிரிக்காவுக்கு அமெரிக்காவோடு வரி ஒப்பந்தம் இருப்பதால் ராயல்டிக்கு, அதாவது இந்த விற்பனைப் பங்குக்கு, இதைப் பூஜ்யமாக்கலாம். ஆனால் தானாக நடக்காது. டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) தந்த வரி எண்ணைக் கொடுத்து, ஒப்பந்தச் சலுகையைக் கேட்க வேண்டும். மொரிஷியஸுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. அங்குள்ள சொந்தக்காரரோடு சேர்ந்து செய்பவர்கள் இதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

பலர் சிக்குவது பெயரில்தான். வங்கிக் கணக்கு, வரிப் படிவம், ஸ்டீம் பதிவு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும். ஒன்றில் முழுப்பெயர், இன்னொன்றில் இனிஷியல் என்றால் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். ஸ்டுடியோ பெயரை அங்கே எழுதாதீர்கள். கடைப் பக்கத்தில் அதற்குத் தனி இடம் உண்டு.

ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் கட்டணம் 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் திரும்ப வரும். கட்டியபின் 30 நாள் கழியாமல் வெளியிட முடியாது. "விரைவில்" பக்கம் குறைந்தது 2 வாரம் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் விஷ்லிஸ்ட் (வாங்க நினைப்பவர்கள் கேமைக் குறித்துவைக்கும் பட்டியல்) சேர அது போதவே போதாது. தீபாவளிக்கு வெளியிட நினைத்தால் மார்ச்சிலேயே பக்கத்தைத் திறந்துவிடுங்கள். நண்பர்களுக்கு இலவச கீ (கேமைத் திறக்கும் குறியீடு) கொடுத்து விமர்சனம் எழுதச் சொல்வதும் வீண். மதிப்பெண்ணில் அது சேராது.

இட்ச்.ஐஓ என்ற இன்னொரு இணையக் கடையில் நுழைவுக் கட்டணம் இல்லை. அவர்கள் பங்கை நீங்களே வைக்கலாம், மாற்றாவிட்டால் 10 சதவீதம். பேபாலில் வரும் பணத்தை இங்கே எஃப்என்பி வங்கி வழியாக எடுக்க வேண்டும். வாங்குபவர்களை நீங்கள்தான் கூட்டிவர வேண்டும் என்பதால் டெமோவுக்கு (கேமின் மாதிரிப் பகுதிக்கு) ஏற்ற இடம். பிரவுசரிலேயே விளையாட வைக்கலாம். மூன்றாவது கடையான எபிக் 12 சதவீதம்தான் எடுக்கிறது, 2025 ஜூன் முதல் ஆண்டுக்கு ஒரு கேமின் முதல் 10 லட்சம் டாலருக்கு அதுவும் இல்லை. இருந்தாலும் முதல் கேமுக்கு என் தேர்வு ஸ்டீம்தான். விஷ்லிஸ்ட் அங்கேதான் வேலை செய்கிறது.

ஸ்டீம் பணம் மறுமாதக் கடைசியில் வரும், 100 டாலர் சேராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று இங்குள்ள வங்கி கேட்கும். பதில் சொல்லும்வரை கணக்கில் ஏறாது. மாத விற்பனை அறிக்கையைத் தரவிறக்கிக் கையில் வைத்திருங்கள்.