டூம்ஸ்டோன்ல பத்து ஷீட், தேறினது மூணு

போன செப்டம்பர் முதல் வாரம் கனடாவோட யூகான்ல டூம்ஸ்டோன் பார்க் போயிட்டு வந்தேன், ஃபோர் பை ஃபைவ் கேமராவ (4x5 இன்ச் ஃபிலிம ஒவ்வொரு ஷீட்டா போட்டு எடுக்கற பெரிய கேமரா) ஊரைத் தாண்டி தூக்கிட்டுப் போனது இதான் முதல் தடவை. டாசன் சிட்டிக்கு கிழக்க டெம்ப்ஸ்டர் ஹைவே பிரியுது, அநேகமா முழுக்க ஜல்லி ரோடுதான், 58வது கிலோமீட்டர் தாண்டி வண்டிய ஓரங்கட்டிட்டு கிரிஸ்லி லேக்குக்கு 11.5 கிலோமீட்டர் நடை. கேமரா, 150 எம்எம் லென்ஸ், ட்ரைபாட், அஞ்சு ஹோல்டர் (ஒவ்வொண்ணுலயும் பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு ஷீட் ஃபிலிம்), இதோட கரடிக்கு பயந்து சாப்பாட்ட பூட்டி வைக்கிற டப்பா வேற, தோள்பட்டை கழண்டு போச்சு.

அந்த வாரம் குட்டை பிர்ச் செடி எல்லாம் ரத்தச் செவப்பு, பின்னாடி மோனோலித் சிகரம் கருப்பா நிக்குது. கலருக்கு எக்டார் ஃபிலிம் நாலு ஷீட், மீதி ஆறு கறுப்பு வெள்ளை ஹெச்பி5.

கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டா கேமரா பின்பக்க கண்ணாடில மலை தலைகீழா தொங்குது, லூப்ப (சின்ன பூதக்கண்ணாடி) வச்சு ஃபோகஸ் பாக்கறதுக்குள்ள என் மூச்சே பட்டு கண்ணாடி மங்கிடுது, துடை, மறுபடி பாரு, மறுபடி துடை. கடைசில மூச்ச அடக்கிட்டு முன் ஸ்டாண்டர்ட (லென்ஸ் மாட்டற சட்டம்) கொஞ்சூண்டு சாய்ச்சேன், காலடில இருக்கற செடியும் தூரத்து சிகரமும் ஒரே நேரத்துல பளிச்னு வந்தது பாருங்க, அதுக்குத்தான் இவ்ளோ கஷ்டமும்.

லென்ஸ் துவாரம் எஃப் 32, ஆரஞ்சு ஃபில்டர், சாயங்கால வெளிச்சத்துல மீட்டர் 8 செகண்ட் காட்டுச்சு. நீளமா எக்ஸ்போஸ் பண்ணா ஃபிலிம் சோம்பேறி ஆயிடும், ஹெச்பி5க்கு அத தயாரிக்கிற இல்ஃபோர்ட் குடுத்த கணக்கு மீட்டர் நேரத்த 1.31 அடுக்குக்கு (பெருக்கல் இல்ல, பவர்) உயர்த்தறது, அதனால 15 செகண்ட் குடுத்தேன். அது சரியாத்தான் வந்துச்சு. சொதப்புனது வேற இடம்.

ஏரிப்பக்கம் தரை பூரா பாசி, மெத்தை மாதிரி, நான் ஒரு கால மாத்தி வச்சாலே ட்ரைபாட் ஆடுது, இது புரியறதுக்குள்ள ரெண்டு ஷீட் போச்சு. பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல இருக்கற மடிப்புத் துருத்தி) காத்த பாய்மரம் மாதிரி வாங்கிக்குது, அதுல மூணு. பெரிய கூத்து என்னன்னா, கூட வந்தவன் கரடி ஸ்ப்ரேய கைல வச்சிக்கிட்டு "மாப்ள, இருட்டுதுடா, கெளம்பு"ன்னு அரிக்க, நான் அவசரத்துல டார்க் ஸ்லைட (ஷீட்ல வெளிச்சம் படாம மூடற தகடு, கருப்பு பக்கம் வெளிய தெரிஞ்சா எடுத்தாச்சுன்னு அர்த்தம், வெள்ளைன்னா எடுக்கல) கருப்பு பக்கம் வெளிய திருப்பாம வெள்ளையாவே சொருகிட்டேன். அப்புறம் எடுக்காத ஷீட்னு நெனச்சு மறுநாள் காலைல அதுலயே இன்னொரு படம். வீட்ல டெவலப் பண்ணா ஒண்ணுல ரெண்டு மலை ஒண்ணு மேல ஒண்ணு, கடைசி ஹோல்டர்ல தொடாமயே விட்ட ஒரு ஷீட் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு.

லேன்ட்ஸ்கேப்னா எல்லாரும் லைட் லைட்னு சொல்றாங்க, எனக்கு என்னவோ அங்க காத்துதான் முதலாளின்னு தோணுது. அடுத்த தடவை ஒரு பெரிய குடை, ட்ரைபாட் காலுக்கு கீழ வைக்க மூணு பலகைத் துண்டு, அப்புறம் எடுத்து முடிச்ச ஹோல்டருக்கு ஒட்ட டேப். அந்த காலி ஷீட்ட இன்னும் தூக்கிப் போடல, லைட் டேபிள்லயே கெடக்கு.