பதினேழு விண்மீன்கள் எங்கே போயின?

2022 ஜூலையில் ஒரு மதியம், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஆய்வு மாணவன் லேப்டாப்போடு என் மேசைக்கு வந்தான். "அக்கா, உங்க 2019 பேப்பரோட புரோகிராம் கோடை ஓட்டிப் பார்த்தேன். எரர் எதுவும் வரல. ஆனா பதினேழு ஸ்டார் குறையுது."

அந்தக் கட்டுரை என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் கட்டுரை. கையா விண்கலம் 2018 ஏப்ரலில் வெளியிட்ட இரண்டாவது தரவுத் தொகுப்பில், ஆரத்திசைவேகம் (நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ போகும் வேகம்) அளக்கப்பட்ட விண்மீன்கள் ஏறக்குறைய 72 லட்சம். அவற்றிலிருந்து, பால்வெளியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் போகும் பழைய விண்மீன்களைப் பிரித்தெடுத்து ஒரு பட்டியல் போட்டிருந்தேன். மூன்றாவது தொகுப்பு 2022 ஜூனில் வந்துவிட்டதால், அதே வேலையைப் பெரிய அளவில் செய்வது அவன் திட்டம். புதிய தரவுக்குப் போகும் முன் பழைய தரவில் பழைய விடை வருகிறதா என்று பார்த்திருக்கிறான். அதைச் செய்யச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் அவனுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அன்றைக்கு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பட்டியல் அச்சில் இருக்கிறது, மற்றவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள்.

கோடுடன் நான் வைத்திருந்த ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை, அதாவது கோடு ஓடத் தேவையான பைத்தான் நூலகங்களின் பட்டியலை, திறந்தேன். மொத்தம் ஐந்து வரி: நம்பை, சைபை, ஆஸ்ட்ரோபை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப். பெயர்கள் மட்டும்தான், ஒன்றுக்கும் பதிப்பு எண் இல்லை. ஆகவே நூலகங்களை நிறுவும் பிப் அன்றைய தேதியில் எது புதிதோ அதை அவன் கணினியில் இறக்கியிருந்தது. வானியல் கணக்குகளுக்கான ஆஸ்ட்ரோபையில் அது 5.1.

சரி, 2019-இல் என் கணினியில் எந்தப் பதிப்பு இருந்தது? அந்த லேப்டாப் எப்போதோ போய்விட்டது, குறித்து வைத்ததும் இல்லை. தடயம் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. மேட்பிளாட்லிப் ஒரு படத்தைப் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது தன் பதிப்பு எண்ணையும் தேதியையும் கோப்புக்குள் எழுதிவிடும். கட்டுரையில் போட்ட படத்தின் பண்புகளைத் திறந்தால் மேட்பிளாட்லிப் 3.1.1, 2019 ஆகஸ்ட் என்று இருந்தது. அந்த மாதம் புழக்கத்தில் இருந்த ஆஸ்ட்ரோபை 3.2.1. பழைய என்விரான்மென்டை, அதாவது அன்றைய நூலகப் பதிப்புகளின் முழுத் தொகுப்பை, அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினோம்.

கட்டுவது லேசாக இல்லை. ஆஸ்ட்ரோபை 3.2.1-ஐப் புதிய பைத்தானில் நிறுவப் போனால் தயார்நிலைப் பொதி கிடையாது. மூலத்திலிருந்து கம்பைல் செய்யப் போய் பாதியில் நின்றுவிடும். பைத்தான் 3.7 வேண்டும். அவனுடையது எம்1 சிப் உள்ள மேக், அதற்கு, கோண்டா என்ற நிறுவி பொதிகளை எடுக்கும் களஞ்சியமான கோண்டா-ஃபோர்ஜில் 3.7 இல்லை, 3.8-இலிருந்துதான் தொடக்கம். கடைசியில் எங்கள் லினக்ஸ் கிளஸ்டரில் கோண்டா வழியாக நிறுவி ஓட்டினோம். காணாமல் போனவற்றில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. என் கோடு மாறவில்லை, ஆனால் அதன் அடியில் உள்ள எதுவோ மாறியிருந்தது.

ஒரே ஒரு விண்மீனை எடுத்துக்கொண்டு, பழைய, புதிய என்விரான்மென்ட் இரண்டிலும் ஒவ்வொரு படியிலும் எண்களை அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வான் ஆயங்கள், தூரம், ஆரத்திசைவேகம் எல்லாம் கடைசி இலக்கம் வரை ஒன்று. பால்வெளி மைய ஆயத்துக்கு மாற்றியதும், சுழற்சித் திசை வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 13.4 கி.மீ. வித்தியாசம். வேறு விண்மீனை எடுத்தோம். அதே 13.4. அதற்கடுத்ததற்கும் அதே. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் விலகுகிறது என்றால் பிழை விண்மீனில் இல்லை, நாம் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

கையா தரும் வேகங்கள் நம் சூரியக் குடும்பத்திலிருந்து பார்த்த வேகங்கள். பால்வெளி மையத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று கணக்கிட, சூரியன் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்ற இரண்டும் வேண்டும். நான் எதையும் கொடுக்காமல் ஆஸ்ட்ரோபையின் இயல்பு மதிப்புகளை நம்பியிருந்தேன். பழைய பதிப்புகளில் தூரம் 8.3 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் ஏறக்குறைய 3,260 ஒளியாண்டு), சுழற்சித் திசை வேகம் நொடிக்கு 232.24 கி.மீ. பிறகு பால்வெளி மையத்தின் தூரத்தை அளந்த கிராவிட்டி குழுவின் 2018 அளவீடு போன்ற நல்ல மதிப்புகள் வந்தன. அவற்றைக் கொண்டு 4.1 முதல் இயல்பு மதிப்பு 8.122 கிலோபார்செக், 245.6 கி.மீ. என்று ஆனது. சூரியனுக்கு அருகே, பழைய கணக்கில் சுழற்சியே இல்லாததாகத் தெரிந்த ஒரு விண்மீன், புதிய கணக்கில் நொடிக்கு 13 கி.மீ.க்கு மேல் முன்திசையில் போகும். எதிர்த்திசை எல்லைக்கு ஒட்டினாற்போல் இருந்தவை எல்லையைத் தாண்டிப் போய்விட்டன.

ஆஸ்ட்ரோபைக்காரர்கள் இதை ஒளித்துச் செய்யவில்லை. இயல்பு மதிப்பு மாறப்போகிறது என்று 4.0 பதிப்பில் எச்சரிக்கை காட்டினார்கள், பழைய மதிப்புகளையே கேட்டுப் பெற ஒரு வழியும் வைத்தார்கள். ஆனால் நாங்கள் 3.2-இலிருந்து நேராக 5.1-க்குத் தாவியவர்கள். எச்சரிக்கை வந்த படியில் எங்கள் கால் படவே இல்லை. பதிப்பு எண் எழுதாமல் விட்டால் இப்படியும் ஆகும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. கோடு உடைந்து நின்றுபோவதுதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். நின்றுபோனால் யாராவது கவனித்துவிடுவார்கள். இது ஓடி முடித்து, அழகான அட்டவணையும் கொடுத்துவிட்டுப் போனது.

பழைய மதிப்புகளைக் கொடுத்த பிறகும் இரண்டு விண்மீன்கள் முரண்டுபிடித்தன. அதற்குக் காரணம் நிரல்களே இல்லை, தரவு. ஒவ்வொரு வரிக்கும் பிழை அளவுக்குள் சமவாய்ப்பு எண்களைச் சேர்த்துப் பல முறை கணக்கிடுகிறேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே எண்கள் அதே வரிசையில் வர, சமவாய்ப்பு விதையை (தொடக்க எண்ணை) நிலையாக வைத்திருந்தேன், அதுவரை சரி. ஆனால் அவன் தரவைப் புதிதாக இறக்கியிருந்தான். வினவலில் வரிசைப்படுத்தச் சொல்லாவிட்டால் வரிகள் அதே வரிசையில் வரும் என்று ஆவணக் காப்பகம் உறுதி தருவதில்லை. வரிசை மாறினால் எந்த விண்மீனுக்கு எந்த எண் விழுகிறது என்பதும் மாறிவிடும். பழைய வன்தட்டில் 2019-இல் இறக்கிய கோப்பு கிடைத்தது. அதைக் கொடுத்து ஓட்டி, வேறுபாட்டை மட்டும் காட்டும் டிஃப் கட்டளையில் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் திரையில் ஒன்றும் வரவில்லை. இரவு ஒன்பதரை மணி. இரண்டு பேரும் எழுந்து டீ குடிக்கப் போனோம்.

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றி அமைக்க மூன்று வாரம் ஆனது. சூரியனின் தூரமும் வேகமும் இப்போது கோடின் மேலேயே, எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு எழுதப்பட்டிருக்கின்றன. அறிவியல் மதிப்பு எதையும் நூலகத்தின் இயல்புக்கு விடுவதில்லை என்பதில் நான் கறாராக இருக்கிறேன். எல்லா நூலகங்களின் பதிப்பையும் பூட்டி வைக்கும் லாக் கோப்பு மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. லாக் கோப்பு எண்ணைக் காப்பாற்றும், ஆனால் அந்த எண் என்ன என்பதைப் படிப்பவருக்குச் சொல்லாது.

லாக் கோப்பும் வேண்டும்தான். முதலில் கோண்டாவின் எக்ஸ்போர்ட் கட்டளையில் எடுத்த பட்டியலை வைத்தோம். அதில் லினக்ஸுக்கே உரிய பில்ட் எண்கள் இருந்ததால் மேக்கில் ஏறவில்லை. இப்போது நேரடியாகத் தேவைப்படும் ஏழு பொதிகளை மட்டும் கையால் ஒரு கோப்பில் எழுதி, கோண்டா-லாக் கொண்டு லினக்ஸுக்கும் மேக்குக்கும் தனித்தனியாகப் பூட்டி, இரண்டையும் கிட்டில் வைத்திருக்கிறோம். என்விரான்மென்டை அப்படியே ஒரு பெட்டியில் அடைத்து ஓட்டும் கன்டெய்னரும் உண்டு; கிளஸ்டரில் டாக்கருக்கு அனுமதி இல்லாததால் அங்கே ஆப்டெய்னர். தரவுக் கோப்பு விண்மீன் அடையாள எண் வரிசையில் அடுக்கப்பட்டு, கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் எஸ்ஹெச்ஏ256 செக்சம்மோடு, ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் காப்பகத்தில் இருக்கிறது. படக் கோப்புகளுக்குள் தேதி புகுந்துகொள்வதால் அவற்றின் செக்சம் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். ஆகவே சரிபார்ப்பது அட்டவணை எண்களை மட்டும்தான்.

மாதம் ஒரு முறை, பூட்டெல்லாம் இல்லாமல் அன்றைய புதிய பதிப்புகளில் 200 விண்மீன்களை ஓட்டி, பூட்டிய விடையோடு ஒப்பிடுகிறோம். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது இது கைகொடுத்தது. 32 பிட் எண் ஒன்றோடு பைத்தானின் சாதாரண தசம எண்ணைக் கூட்டினால் முன்பு 64 பிட்டில் விடை வரும், இப்போது 32 பிட்டிலேயே நிற்கும். கையாவின் மூன்றாவது தொகுப்பில் ஆரத்திசைவேகம் 32 பிட். விண்மீன்களை ஒன்றொன்றாக எடுத்துக் கணக்கிடும் ஒரு லூப்பில் ஏழாம் இலக்கத்தை ஒட்டி எண்கள் பிசகின. பட்டியல் மாறவில்லை, ஆனாலும் அந்த வரியில் 64 பிட் என்று வெளிப்படையாக எழுதிவிட்டோம்.

பழைய கட்டுரையின் முடிவு நின்றது. எதிர்த்திசைக் கூட்டம் இருக்கிறது, அதன் ஓரம்தான் கொஞ்சம் நகர்ந்தது. அவன் மூன்றாவது தொகுப்பை வைத்து எழுதிய கட்டுரையின் பின்னிணைப்பில் அந்தப் பதினேழு விண்மீன்களும் ஒரு தனி அட்டவணையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேராக 8.3-ஐ வைத்துக் கணக்கிட்ட கோண உந்தம், அதற்கு அடுத்த பத்தியில் 8.122-ஐ வைத்துக் கணக்கிட்டது.